தாமஸ் சேவினின் அவசரம்

வேல்ஸின் மேற்குக் கரையில், கார்டிகன் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது அபெரிஸ்ட்வித் நகரம். முதலாம் எட்வர்ட் 1277இல் கட்டத் தொடங்கி, உள்நாட்டுப் போரின் முடிவில் 1649இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட கோட்டையின் இடிபாடுகள் ஒரு பக்கம். இரும்புத் தூண்களின் மேல் கடலுக்குள் நீளும் உலாமேடை மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே, கரையை ஒட்டி ஒரு பெரிய கல் கட்டடம் நிற்கிறது. செங்குத்தான ஸ்லேட் கூரைகள், கூம்புக் கோபுரங்கள், கூர்வளைவு ஜன்னல்கள், கடல் பக்கம் வயிறு தள்ளியதுபோல் வெளியே வந்து நிற்கும் பெரிய அரைவட்டம். புதிதாகப் பார்ப்பவர்கள் தேவாலயம் என்பார்கள், மடம் என்பார்கள், பிரபுவின் மாளிகை என்பார்கள். விடுதி என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் ரயிலில் வந்து இறங்கும் உல்லாசப் பயணிகளுக்காக 1864இல் கட்டத் தொடங்கிய விடுதிதான் அது. பெயர் காஸில் ஹோட்டல்.

பழைய கட்டடங்களை அளந்து வரைவது என் தொழில். அளவு நாடாவோடு ஒரு சுவரைச் சுற்றி வருகிறவளுக்கு, அதைக் கட்டியவர்களின் மனநிலை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். நிதானமாகக் கட்டியவர்கள், பணம் குறைந்து பாதியில் கையைச் சுருக்கியவர்கள், அண்டைவீட்டுக்காரனோடு போட்டி போட்டவர்கள் என்று ஒவ்வொரு சுவரும் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும். இந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடிபட்டது அவசரம். அவசரக்காரனுக்கு அண்டாவிலும் கை நுழையாது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இங்கே ஓர் அவசரக்காரன் தொட்டது, அவன் நினைத்தே பார்க்காத வகையில், ஒரு நாட்டுக்கே உபயோகமானது. அந்தக் கதையைக் கல்லிலிருந்தே சொல்லிவிடலாம்.

விடுதிக்கு முன்பே அந்த இடத்தில் ஒரு விசித்திரமான வீடு இருந்தது. கட்டச் சொன்னவர் யூவ்டேல் ப்ரைஸ். ஹியர்ஃபோர்ட்ஷயரில் நிலபுலன்கள் உள்ள பிரபு. இயற்கைக் காட்சி என்றால் என்ன, அதை ரசிக்கும் கண் எப்படிப் பழக வேண்டும் என்று 1794இல் ஒரு நூலே எழுதி, ஆங்கிலேயரின் தோட்ட ரசனையை மாற்றியவர்களில் ஒருவர். கட்டியவர் ஜான் நாஷ். பின்னாளில் லண்டனின் ரீஜென்ட் தெருவும் பிரைட்டனின் அரச மாளிகையும் இவர் கையிலிருந்து வந்தவை. ஆனால் 1790களில் நாஷ் வேல்ஸில் இருந்ததற்குக் காரணம் புகழல்ல. லண்டனில் வீடு கட்டி விற்கும் தொழிலில் இறங்கி 1783இல் திவாலாகி, கார்மார்தனுக்கு வந்து, சிறைச்சாலைகள் கட்டிக்கொடுத்துத் தொழிலை மறுபடி ஊன்றிக்கொண்டிருந்தார்.

ப்ரைஸ் நாஷிடம் கேட்டது ஒன்றுதான்: எந்தெந்தக் காட்சி அழகோ, அந்தந்தத் திசைக்கு ஜன்னல் மட்டும் திரும்பினால் போதாது, அறைகளே திரும்ப வேண்டும். சதுரமாக வீடு கட்டிப் பழகிய கட்டடக் கலைஞருக்கு இது பெரிய சோதனை. நாஷ் தந்த விடை முக்கோணம். மூன்று மூலைகளிலும் எண்கோணக் கோபுரங்கள். வீட்டின் எந்தப் பக்கமும் ‘பின்பக்கம்’ ஆகிவிடாத அமைப்பு. நாஷ் பிற்காலத்தில் கட்டிய ஒழுங்கற்ற அழகுள்ள மாளிகைகளின் பாலபாடம் இந்தக் காஸில் ஹவுஸில் தொடங்கியது என்பது என் கருத்து. காட்சிக்காகக் கட்டடம் வளையலாம் என்று அவருக்கு முதலில் உணர்த்தியவர் ப்ரைஸ்தான்.

அப்போது இங்கே வந்து சேர்வதே பெரும்பாடு. ஷ்ரூஸ்பரியிலிருந்து குதிரை வண்டியில் மலையேறி இறங்க வேண்டும். அப்படியும் கடல்நீராட வசதி படைத்தவர்கள் வந்தார்கள். 1820களில் கரையோரம் வரிசை வீடுகள் எழுந்தன. நாஷின் அலுவலகத்தில் பயின்ற ஜார்ஜ் ரெப்டன் ஒரு நடன மண்டபமும் கட்டினார். கூட்டம் என்று சொல்லும்படி வந்தது மட்டும் ரயிலுக்குப் பிறகுதான்.

ரயிலைக் கொண்டுவந்தவர் தாமஸ் சேவின். ஆஸ்வெஸ்ட்ரியில் துணிக்கடை வைத்திருந்தவர். துணி அளந்த கை தண்டவாளம் போடப் போனதற்குக் காரணம் ஒரு கூட்டாளி: டேவிட் டேவிஸ். லாண்டினம் கிராமத்தில் மரம் அறுக்கும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, ஒப்பந்தக்காரராக உயர்ந்தவர். இருவரும் சேர்ந்து நடு வேல்ஸில் பாதை போட்டார்கள். 1860இல் பிரிந்தார்கள். டேவிஸ் தலெர்திக் என்ற இடத்தில் பாறையை ஏறக்குறைய 120 அடி ஆழத்துக்கு வெட்டி, மாக்கின்லெத் வரை ரயிலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து கடற்கரை முழுவதும் பாதை போடும் பந்தயத்தில் சேவின் தனியாக இறங்கினார். 1864இல் அபெரிஸ்ட்வித்துக்கு ரயில் வந்தது.

சேவின் தொழில் செய்த விதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டடத்தின் அவசரம் புரியாது. இந்தச் சிறு ரயில் கம்பெனிகளிடம் ரொக்கம் கிடையாது. ஒப்பந்தக்காரருக்குக் கூலியாகத் தங்கள் பங்குகளையும் கடன் பத்திரங்களையுமே கொடுத்தன. அவர் அவற்றை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, அந்தப் பணத்தில் அடுத்த மைல் பாதையைப் போடுவார். பாதையில் கூட்டம் வந்தால்தான் பங்குக்கு விலை. ஆடுமாடும் ஸ்லேட்டும் மட்டும் ஏறும் பாதையில் அவ்வளவு கூட்டம் எங்கிருந்து வரும்? எனவே கூட்டத்தையும் அவரே உண்டாக்க வேண்டியிருந்தது. ரயில் நிற்கும் கடற்கரை ஊர்களில் விடுதிகள் கட்டுவது, பயணச்சீட்டையும் தங்குமிடத்தையும் சேர்த்தே விற்பது என்பது திட்டம். இன்று எந்தப் பயண நிறுவனத்தின் விளம்பரத்திலும் காணக்கூடிய அதே யோசனை. அபெரிஸ்ட்வித்தில் ஒன்று, பக்கத்தில் போர்த் கிராமத்து மணற்கரையில் ஒன்று என்று தொடங்கினார்.

அபெரிஸ்ட்வித்தில் அவர் தேர்ந்தெடுத்த இடம் நாஷின் முக்கோண வீடு. அதை வாங்கி, அதைச் சுற்றியே விடுதியை எழுப்பச் சொன்னார். பொறுப்பு ஜான் பொலார்ட் செடனிடம் போனது.

செடனைப் பற்றி நிறையச் சொல்லலாம். லண்டனின் பெயர்பெற்ற மேசை நாற்காலித் தயாரிப்புக் குடும்பம். அண்ணன் தாமஸ் ஓவியர். கெய்ரோவில் 1856இல் இறந்துபோனார். செடன் பயின்றது செவ்வியல் பாணியில் ஊறிய பேராசிரியர் டொனால்ட்சனிடம். மனம் போனதோ கலை விமர்சகர் ரஸ்கினின் எழுத்துப் பக்கம், கூர்வளைவுகள் கொண்ட கோதிக் பாணியின் பக்கம். ஜான் பிரிச்சர்டோடு கூட்டுச் சேர்ந்து தெற்கு வேல்ஸின் தேவாலயங்களைப் புதுப்பித்தார். லாண்டாஃப் பேராலயத்துக்கு ரோசெட்டியின் ஓவியம் வந்ததில் அவருக்குப் பங்குண்டு. தன் வரைபடங்களை வைக்க ஒரு பெரிய அலமாரி செய்து, அதன் கதவுகளில் ரோசெட்டி, பர்ன்-ஜோன்ஸ், மேடக்ஸ் பிரவுன் ஆகியோரைக் கொண்டு ஓவியம் தீட்டச் செய்தார். அது இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரமோ கல்லோ, கைவேலைக்கு மரியாதை தரத் தெரிந்த மனிதர்.

இப்படிப்பட்டவரிடம் கடற்கரை விடுதி கட்டச் சொன்னது அந்தக் காலத்துக்கு விநோதம். 1864இல் பிரைட்டனில் விட்ச்கார்ட் கட்டிய கிராண்ட் ஹோட்டலும், 1867இல் ஸ்கார்பரோவில் பிராட்ரிக் முடித்த கிராண்ட் ஹோட்டலும் அன்றைய விடுதிக்கு இலக்கணம். ஒரே மாதிரி ஜன்னல்கள் வரிசை வரிசையாக, இத்தாலிய, பிரெஞ்சு அலங்காரங்களோடு நெடிதுயர்ந்த முகப்பு. அபெரிஸ்ட்வித்திலேயே 1866இல் ஹேவர்ட் கட்டிய குயின்ஸ் ஹோட்டல் அந்த வழியைத்தான் பின்பற்றியது. கோதிக் பாணி தேவாலயத்துக்கும் பள்ளிக்கும் உரியது, பயணிகள் தங்கும் இடத்துக்கு ஆகாது என்பது பொது எண்ணம். லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்து கோதிக் விடுதி திறக்க 1873 ஆனது. செடன் அதற்கு எட்டு, ஒன்பது ஆண்டுகள் முந்திவிட்டார்.

கோதிக்கைத் தேர்ந்ததில் ரசனை மட்டுமல்ல, நடைமுறையும் இருந்தது என்று நினைக்கிறேன். சமச்சீரான முகப்புக்கு முழு வரைபடமும் முதலிலேயே வேண்டும். இடப்பக்கம் ஒரு ஜன்னல் கூடினால் வலப்பக்கமும் கூட வேண்டும். கோதிக்கில் அந்தக் கட்டாயம் கிடையாது. அறை தேவைப்படும் இடத்தில் அறை, படிக்கட்டு தேவைப்படும் இடத்தில் கோபுரம், அவ்வளவுதான். சேவினுக்கோ நாள் கடத்த முடியாது. வரைபடங்கள் முழுதாகத் தயாராகும் முன்பே வேலை தொடங்கிவிட்டது. கட்டட வேலையும் வரைபலகை வேலையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. இந்தத் தலைதெறிக்கும் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கக்கூடிய பாணி கோதிக் ஒன்றுதான்.

விளைவைப் பாருங்கள். கடல் பக்கத்து அரைவட்டம், விருந்தினர்கள் கூடும் அறைகளுக்கானது. வளைந்த சுவரில் வரிசையாக ஜன்னல்கள் இருப்பதால், உள்ளே எங்கே உட்கார்ந்தாலும் வளைகுடாவின் ஏதாவது ஒரு பக்கம் கண்ணில் படும். ப்ரைஸ் நாஷிடம் கேட்டதை, எழுபது ஆண்டுகள் கழித்து, ஒரு பிரபுவின் குடும்பத்துக்கு மட்டும் என்றில்லாமல் பயணச்சீட்டு வாங்கிய எல்லோருக்குமாகச் செடன் கல்லில் செய்துகொடுத்தார். தெருப் பக்கம் வேறு முகம். அங்கே முக்கோண வடிவில் நீட்டிக்கொண்டிருக்கிறது ஒரு வாகன முகப்பு. மேலே கல்லால் விலா எலும்புபோல் வளைத்த கூரை. மழையில் வண்டியை விட்டு இறங்குபவர் நனையாமல் உள்ளே போகலாம். வேல்ஸின் மேற்குக் கரையில் மழை என்பது வருடம் முழுவதும் உள்ள விஷயம் என்பதால், இந்த முகப்பை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க நான் சம்மதிக்க மாட்டேன். அதன் முக்கோணம் நாஷின் முக்கோணத்துக்குச் செலுத்திய வணக்கமா, இடம் அப்படி அமைந்ததா என்று யோசித்துக்கொண்டே அதன் அடியில் நின்றிருக்கிறேன்.

உள்ளே தளங்களின் மட்டம் ஒன்றோடொன்று சேராது. ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போக நாலு படி ஏற வேண்டியிருக்கும், திரும்பினால் மூன்று படி இறங்க வேண்டியிருக்கும். வரைந்து காகிதத்தில் கொண்டுவருவதற்குள் பொறுமை போய்விடும். துண்டு துண்டாக, கிடைத்த பணத்துக்குத் தக்கபடி எழுந்த கட்டடத்தின் சாட்சியம் அந்தப் படிகள்.

1865இல், பாதி வேலை பாக்கி இருக்கும்போதே விடுதியைத் திறந்துவிட்டார்கள். அதே ஆண்டு புனித வெள்ளியன்று, கூப்பிடு தூரத்தில், யூஜீனியஸ் பர்ச் வடிவமைத்த உலாமேடையும் திறக்கப்பட்டது. ஊருக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நம்பியிருப்பார்கள். 1866 ஜனவரிப் புயல் உலாமேடையில் நூறு அடியை அடித்துக்கொண்டு போனது. ஏறக்குறைய அதே நாட்களில் சேவினும் விழுந்தார். அடமானம் வைத்த பங்குகளின் மேல் கடன் கொடுத்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுக்க வழியில்லை. அந்த மே மாதம் லண்டனின் ஓவரெண்ட் கர்னி நிதி நிறுவனமே கவிழ்ந்து, பிரிட்டன் முழுவதும் ஒப்பந்தக்காரர்கள் வரிசையாகச் சரிந்தார்கள். சேவின் அவர்களுக்குச் சில மாதங்கள் முன்னோடி. விடுதிக்கு அதுவரை ஆன செலவு சுமார் 80,000 பவுண்டு. முதலுக்கே மோசம்.

அதே காலத்தில் வேறொரு கூட்டத்தார் கட்டடம் தேடிக்கொண்டிருந்தார்கள். வேல்ஸுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று ஹ்யூ ஓவன் என்ற அரசு அலுவலர் பல ஆண்டுகளாகப் பாடுபட்டு வந்தார். லண்டனில் ஏழை நிவாரண வாரியத்தின் தலைமை எழுத்தர்; வேலை நேரம் போக மிச்சமெல்லாம் இதற்கே. அவரும் நண்பர்களும் சேர்த்த நன்கொடை, புதிதாகக் கல்லூரி கட்டும் அளவுக்குத் தேறவில்லை. 1867இல் முடிவுபெறாத இந்த விடுதி 10,000 பவுண்டுக்கு அவர்களுக்குக் கிடைத்தது. எட்டில் ஒரு பங்கு விலை! 1872 அக்டோபரில் 26 மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின. முதல்வர் தாமஸ் சார்ல்ஸ் எட்வர்ட்ஸ்.

பத்தாண்டு காலம் அரசாங்கம் ஒரு பென்னிகூடத் தரவில்லை. சுரங்கத் தொழிலாளிகளும் பண்ணையாட்களும் சிறு கடைக்காரர்களும் கொடுத்த காசில் கல்லூரி ஓடியது. 1875இல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ‘பல்கலைக்கழக ஞாயிறு’ என்று அறிவித்து, வேல்ஸ் முழுவதும் ஜெப வீடுகளில் தட்டேந்தினார்கள். 70,000 பேருக்கு மேல் காசு போட்டார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். கடற்கரையில் ஒரு வாரம் தங்கக் கனவிலும் வழியில்லாத குடும்பங்கள், பணக்கார விருந்தினர்களுக்காகச் செடன் வளைத்த ஜன்னல்களுக்குப் பின்னால் தங்கள் பிள்ளைகளை உட்காரவைக்கப் பணம் கட்டின.

அந்தக் கல்லூரியின் பொருளாளராக அந்த ஆண்டுகளில் இருந்து, பெருந்தொகைகளும் கொடுத்தவர் யார் தெரியுமா? லாண்டினத்து டேவிட் டேவிஸ். சேவினை விட்டுப் பிரிந்த அதே கூட்டாளி. நிலக்கரியில் பெருஞ்செல்வம் சேர்த்திருந்த அவர், பள்ளிப் படிப்பைச் சின்ன வயதிலேயே விட்டவர். ஒரு கூட்டாளி கட்டத் தொடங்கித் தோற்றதை மற்றவர் காப்பாற்றினார். வேண்டுமென்று செய்தாரா, தற்செயலா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. 1919இல் அவருடைய பேரன், அவர் பெயரும் டேவிட் டேவிஸ், உலகிலேயே முதல் சர்வதேச அரசியல் பேராசிரியர் பதவியை இந்தக் கல்லூரியில் ஏற்படுத்திக் கொடுத்தார்.

1880களில் சோதனை இரட்டிப்பானது. உயர்கல்வி பற்றி ஆராய்ந்த அரசுக் குழு வேல்ஸுக்கு இரண்டு கல்லூரிகளைப் பரிந்துரைக்க, கார்டிஃப் 1883இலும் பாங்கோர் 1884இலும் தொடங்கின. அபெரிஸ்ட்வித்தை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அதற்குள் கிடைக்கத் தொடங்கியிருந்த அரசு மானியத்தைப் போராடித் தக்கவைத்துக்கொண்ட சமயத்தில், 1885 ஜூலையில் ஓர் இரவு தீப்பிடித்தது. வடபகுதி பெரும்பாலும் எரிந்தது. மூன்று பேர் உயிரிழந்தார்கள். மறுபடி நன்கொடை திரட்டினார்கள், மறுபடி செடனையே அழைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் ஓட ஓட வரைந்த கட்டடத்துக்கு அவர் திரும்பி வந்தார்.

இந்த இரண்டாம் சுற்றில் தென்கோடியில் அறிவியல் பகுதி எழுந்தது. அதன் வெளிச்சுவரில், கடலைப் பார்த்தபடி, மூன்று பகுதிகளாக ஒரு வண்ணக்கல் சித்திரம் இருக்கிறது. செடனிடம் தொழில் பயின்ற சார்ல்ஸ் வோய்சி வரைந்தது. நடுவில் ஆர்க்கிமிடீஸ் வீற்றிருக்க, இருபுறமும் நிற்பவர்கள் நவீன அறிவியலின் ஆக்கங்களை அவருக்குக் காணிக்கையாகக் கொண்டுவருகிறார்கள். ஒன்று கப்பல். மற்றொன்று ரயில் எஞ்சின். சேவினுக்கு இந்தக் கட்டடத்தில் சிலையோ பெயர்ப்பலகையோ தேடுகிறவர்களை நான் இந்தச் சுவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். எஞ்சினை வரையும்போது வோய்சி சேவினை நினைத்தாரா என்பது வேறு. அந்தச் சுவர் அங்கே நிற்பதற்குக் காரணமே ஒரு ரயில் எஞ்சின்தான்.

நாஷின் வீடு 1890களில் போய்விட்டது. அந்தப் பத்தாண்டின் இரண்டாம் பாதியில் கார்லைலைச் சேர்ந்த ஃபெர்குசன் நடுப்பகுதியைக் கட்டினார். செடனின் பகுதிகளை விட அது அடக்கமானது, ஒழுங்கானது, சுமாரானது. நாஷை இழந்ததற்கு அது ஈடாகாது. ஆனாலும் அந்த இடத்துக்கு அதையும் சேர்த்துக்கொள்ளும் குணம் இருந்தது. சமச்சீராகக் கட்டியிருந்தால் தீயில் போன பாகமும், முடிவுபெறாத பாகமும், பிற்காலத்தில் ஒட்டிய பாகமும் காலத்துக்கும் ஊனமாகவே தெரிந்திருக்கும். பிரைட்டன் கிராண்டின் பாதியை வெட்டிவிட்டு மீதியைக் கல்லூரியாக்கிப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். செடனின் கட்டடத்தில் ‘இங்கே முடிகிறது’ என்று ஒரு கோடே கிடையாது. வகுப்பறை சேர்த்தாலும் ஆய்வகம் சேர்த்தாலும் நூலகம் சேர்த்தாலும் அது ஏற்றுக்கொண்டது. சேவினின் அவசரம் செடனைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்த இடம் இதுதான். நிதானமாக யோசித்திருந்தால் இருவரும் இங்கே வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் பல்கலைக்கழகம் ஊருக்கு மேலே பெங்லைஸ் குன்றுக்கு இடம்பெயர்ந்தது. பழைய கல்லூரி என்று பெயர் பெற்ற கட்டடத்தில் அலுவலகங்களும் சில துறைகளும் தங்கின. பிறகு அவையும் குறைந்தன. உப்புக் காற்று சும்மா இருக்கவில்லை. மணற்கல் வேலைப்பாடுகள் பொடிந்தன, கூரைச் சந்துகளில் நீர் இறங்கியது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் முதல் வகுப்பு என்ற அந்தஸ்து இருந்தாலும், அந்தஸ்து ஓட்டையை அடைக்காது. இப்போது பெரும் பொருட்செலவில் புதுப்பிக்கிறார்கள். சேராத தளங்களை மின்தூக்கியால் சேர்க்கும் வேலை அதில் உண்டு. படிகளில் திண்டாடியவள் என்ற முறையில் அதை முழுமனதோடு வரவேற்கிறேன். கண்காட்சிக்கூடங்களும் தொழில்முனைவோருக்கான இடங்களும் வரப்போகின்றன. பக்கத்துப் பழைய வீடுகளையும் சேர்த்து ஒரு தங்கும் விடுதியும் திட்டத்தில் இருக்கிறது.

விடுதி திரும்புவதில் எனக்கு மறுப்பில்லை. பழைய கட்டடத்துக்கு வருமானம் வேண்டும். வருமானம் இல்லாத சுவரில் முதலில் பூஞ்சைதான் குடியேறும். ஒரே ஒரு கோரிக்கை. கடல் பக்கத்து அரைவட்ட அறைகளை விருந்துக்கும் திருமணத்துக்கும் வாடகைக்கு விட்டுவிட்டு, மற்ற நாட்களில் பூட்டி வைக்காதீர்கள். ப்ரைஸின் ஆசையும் செடனின் கைவண்ணமும் எழுபதாயிரம் பேரின் காசும் ஒன்றுசேர்ந்த இடம் அது. ஒரு கோப்பைத் தேநீர் வாங்க முடிந்த யாரும் அந்த ஜன்னலோரம் உட்காரலாம் என்று எழுத்தில் வைத்துவிடுங்கள்.